சும்மா உட்கார்ந்திருந்தவனின் கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்ஸ்ஃபோர்டு - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டுக்கு நடுவில் ஒரு படகுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. அந்த நன்றியோடு கடிதத்தை முடித்திருப்பேன். மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி விடவில்லை: "எட்டுப் பேர் துடுப்பு வலிக்க, ஒன்பதாவது ஆள் சும்மா உட்கார்ந்துகொண்டு கத்துகிறார்."

சும்மா!

மூன்று வருடம் அந்த ஒன்பதாவது ஆளாக இருந்தவன் நான். இங்கிலாந்தில் படித்த காலத்தில், நீங்கள் எழுதிய அந்த இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இல்லை, யாரும் டிவியில் காட்டாத ஒரு கல்லூரியின் இரண்டாம் அணியில். அப்போது என் எடை 51 கிலோ. சேர்ந்த முதல் வாரமே என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ காக்ஸாக வருகிறாயா?" என்று கேட்டார்கள். காக்ஸ் என்றால் சுக்கான் பிடித்துப் படகை நடத்தும் அந்த ஒன்பதாவது ஆள். திறமையைப் பார்த்துக் கூப்பிடவில்லை என்பது எனக்கும் தெரியும். சரி, அது போகட்டும்.

தங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். படகு போகும் திசையில் முகம் இருப்பது ஒரே ஒருவருக்குத்தான். சுமார் 18 மீட்டர் நீளப் படகு. அதன் சுக்கான் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். லேசாக இழுத்தால் உடனே ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று தடவை துடுப்பு வலித்த பிறகுதான் படகு மெல்லத் திரும்பும். அதற்குள் பொறுமை போய் இன்னும் கொஞ்சம் இழுத்தீர்களோ, கரைதான். எதிரில் ஸ்ட்ரோக் என்று சொல்லப்படும் எட்டாம் ஆள், என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில். அவர் மூச்சின் சூடு முகத்தில் அடிக்கும். அதில் அவர் களைத்துவிட்டாரா, நடிக்கிறாரா என்று கண்டுபிடிப்பதும் சும்மா இருப்பவன் வேலைதான்.

ஒரு டிசம்பர் காலை. மூடுபனி. ஆற்றில் கறுப்பாக ஏதோ மிதந்தது. துடுப்பைத் தண்ணீரில் அழுத்தி நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மைக் வேலை செய்யவில்லை, வெறும் தொண்டைதான். படகு நிற்கிற மாதிரி இல்லை, வலது கயிற்றைச் சுண்டி இழுத்தேன். தாளம் கெட்டுப்போனதில் எட்டுப் பேருக்கும் கோபம். இரண்டாம் இருக்கைக்காரர் என் தாய்நாட்டையும் சேர்த்துத் திட்டினார். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு பெரிய மரக்கட்டை, துடுப்பு நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி, மெதுவாகக் கடந்து என் முதுகுப் பக்கம் போனது. பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாமே கடந்த பிறகுதானே தெரியும்? எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ட்ரோக் மட்டும், "சரி, போகலாம்" என்றார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

தங்கள் கட்டுரையாளர் தேம்ஸ் ஆற்றங்கரைக்குப் போனாரா என்று நான் கேட்க மாட்டேன், அது மரியாதை இல்லை. ஆனால் படகுகள் "நீரோட்டத்தோடு கடலை நோக்கிச் சீறிப் பாய்கின்றன" என்று எழுதியிருக்கிறாரே, அதை எந்தக் கரையில் நின்று பார்த்தார்? லண்டனில் பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர், கடலுக்கு எதிர்த்திசையில், உள்நோக்கித்தான் போவார்கள். கடலேற்றத்தில் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வரும் நேரமாகப் பார்த்துத்தான் போட்டி நேரத்தையே வைக்கிறார்கள். ஏறி வரும் தண்ணீர் நடு ஆற்றில், ஆழமான இடத்தில்தான் வேகமாக ஓடும். அந்த ஒரு கீற்றுத் தண்ணீருக்காகத்தான் இரண்டு காக்ஸும் நெருக்கிக்கொண்டு போவது. துடுப்போடு துடுப்பு உரசுவதும், பின்னால் விசைப்படகில் வரும் நடுவர் வெள்ளைக்கொடியை ஆட்டி "கேம்பிரிட்ஜ்! கேம்பிரிட்ஜ்!" என்று அதட்டுவதும் அதனால்தான். ஆறு வளைந்து வளைந்து போவதால் ஒரு வளைவு மிடில்செக்ஸ் எனும் வடகரைக்குச் சாதகம், ஹாமர்ஸ்மித்தின் நீண்ட வளைவு சர்ரே எனும் தென்கரைக்குச் சாதகம், கடைசி வளைவு மறுபடி மிடில்செக்ஸ் பக்கம். எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் ஓர் அங்குலம்கூடத் தராமல் இருப்பது என்பதையெல்லாம் நூற்றுச் சொச்சம் துடிக்கும் நாடியோடு முடிவு செய்ய வேண்டும். சும்மா உட்கார்ந்துகொண்டு.

2012-ல் ஒருவர் ஆற்றில் குதித்துப் படகுகளுக்குக் குறுக்கே நீந்தி, போட்டியையே நிறுத்த வைத்தாரே, நினைவிருக்கிறதா? நீங்களே அப்போது படத்தோடு செய்தி போட்டீர்கள். துடுப்பு வலித்த பதினாறு பேரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனார்கள். மறுபடி தொடங்கிய சற்று நேரத்தில் துடுப்புகள் மோதி ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு துடுப்பு முறிந்ததும் அதே நாள்தான். அதைப் போடாமல் விட்டீர்கள்.

தவறு செய்ததே இல்லையா என்று கேட்கலாம். செய்திருக்கிறோம். 1984-ல் போட்டி தொடங்குவதற்கு முன்பே கேம்பிரிட்ஜ் படகு நிறுத்தி வைத்திருந்த ஒரு தோணியில் போய் முட்டி உடைந்தது. போட்டியை மறுநாள் வைத்தார்கள். அதைக் கட்டுரையாளர் பெட்டிச் செய்தியாகவே போட்டிருக்கிறார். முட்டினால் பெட்டிச் செய்தி, முட்டாமல் கொண்டுபோனால் சும்மா. 1981-ல் சூ பிரவுன் என்ற மாணவி ஆக்ஸ்ஃபோர்டு ஆண்கள் படகுக்குக் காக்ஸாக வந்து, அந்தப் போட்டியில் இறங்கிய முதல் பெண் ஆனார், ஜெயித்தும் காட்டினார். அவருக்குப் பெட்டி இல்லை. 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சுக்கான் பிடித்த காலின் மோய்னிஹன் பின்னாளில் அந்த நாட்டின் விளையாட்டு அமைச்சரே ஆனார். அவருக்கும் இல்லை.

பெண்கள் போட்டிக்கு மொத்தம் ஒன்றரை வரி. 1927-ல் முதல் முறை நடந்தபோது இரண்டு பெண்கள் அணிகளையும் பக்கம் பக்கமாக விடக்கூட மனமில்லாமல், தனித்தனியே வலிக்கச் சொல்லி, வேகத்தோடு நளினத்துக்கும் சேர்த்து மார்க் போட்டார்கள். ஆண்கள் போகும் அதே தேம்ஸ் தடத்துக்கு அவர்கள் வர 2015 ஆனது. இதை எழுத ஒன்றரை வரி போதாது. போட்டிக்கு வந்த நடிகரின் தொப்பிக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தேன், எட்டு.

இது முதல் தடவையும் இல்லை. சில வருடங்களுக்கு முன் இதே போட்டியின் படத்தைப் போட்டு, படகு போகும் திசையை அம்புக்குறியால் காட்டினீர்கள். வலிப்பவர்கள் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அம்பு. அதாவது உங்கள் கணக்கில் இரண்டு பல்கலைக்கழகங்களும் பின்னோக்கிப் போட்டி போட்டன. அதைச் சுட்டிக்காட்டி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். "படகுப் போட்டிக் கட்டுரை அருமை" என்ற முதல் வரியை மட்டும் எடுத்து வெளியிட்டீர்கள். என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, பத்திரிகையில் உன் பாராட்டு வந்திருக்கிறதே என்று போன் செய்தான்.

ஜெயித்தால் காக்ஸைத் தூக்கி ஆற்றில் போடுவது வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. நானும் இரண்டு முறை விழுந்திருக்கிறேன், மார்ச் மாதத் தண்ணீரில். தோற்ற நாளில் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். 2024-ல் தேம்ஸ் தண்ணீரில் ஈ.கோலை கிருமி அதிகம் இருக்கிறது, காக்ஸைத் தண்ணீரில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். சாக்கடை கலந்த பிறகுதான் எங்கள் மேல் ஒரு அக்கறை வந்திருக்கிறது. நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும், ஆனால் அதைப் படித்தபோது ஏனோ வருத்தமாகத்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில் என் மாமியாரிடம் பழைய அணிப் படத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "எட்டு பேர் கையில துடுப்பு இருக்கு, உங்க கையில ஒண்ணும் இல்லையே மாப்ள" என்றார். அவர் படகையே நேரில் பார்த்ததில்லை, அவரை நான் குறை சொல்ல முடியாது. உங்களை அப்படி விட முடியவில்லை. சுக்கான் என்றும் மீகாமன் என்றும் சொல் வைத்திருக்கும் மொழியில் பத்திரிகை நடத்துகிறீர்கள். சுக்கான் பிடிப்பவன் சும்மா இருக்கிறான் என்று எந்தக் கடற்கரையிலாவது, ஏதாவது ஒரு மீனவரிடம் சொல்லிப் பாருங்கள்.

திருத்தம் வெளியிடச் சொல்லிக் கேட்கப்போவதில்லை, போன தடவை அனுபவம் போதும். ஒன்றே ஒன்று. கட்டுரையோடு வந்த பெரிய படத்தில் பக்கத்துக்குப் பொருந்துவதற்காகப் படகின் பின்கோடியை வெட்டியிருக்கிறீர்கள். எட்டுப் பேர் முழுதாக இருக்கிறார்கள், கீழே எட்டுப் பெயரும் வரிசையாக இருக்கின்றன. ஓரத்தில் கயிறு பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. அடுத்த வருடம் படம் போடும்போது அந்தப் பக்கம் ஓர் அங்குலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள், கீழே ஒன்பதாவது பெயரையும் சேருங்கள். இடம் அதிகம் பிடிக்காது. நாங்கள் எல்லாம் சின்ன ஆட்கள்தான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட கால வாசகன்,
முன்னாள் காக்ஸ் (இப்போது 74 கிலோ)