ஜாம்நகரில் இருக்கும் மகனுக்கு

செம்பூர், மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள ராசாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் "சரிப்பா, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பேப்பரில் பார்த்தேன். நம் நாட்டின் எண்ணெய் சுத்திகரிப்புத் திறன் ஆண்டுக்கு 25 கோடி டன்னைத் தாண்டிவிட்டதாம். அமெரிக்கா, சீனா, ரஷ்யா, அப்புறம் நாம்தான். 1901-ல் அசாமில் திக்பாயில் தொடங்கிய கதை. 1954, 55-ல் இங்கே மாஹுலில் அடுத்தடுத்து இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1998-ல்கூட நாடு முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய 6.2 கோடி டன்தான். மறு வருஷமே உன் ஜாம்நகர் ஒன்று மட்டும் 2.7 கோடி டன்னோடு வந்து நின்றது. எங்கள் கன்ட்ரோல் ரூமில் பாதிப் பேர் நம்பவில்லை. 2008-ல் பக்கத்திலேயே இன்னொன்று. விலை குறைந்த, கந்தகம் மிகுந்த கச்சா எண்ணெயை வாங்கி, அடியில் தங்கும் கசடையும் கோக்கரில் போட்டு உடைத்து டீசலாக்குகிறீர்கள். நாங்கள் அதை ஃபர்னஸ் ஆயிலாகவும் தாராகவும் தள்ளிவிட்டவர்கள். மாடி வீட்டுக்காரரிடம் "என் பையன் கோக்கரில் இருக்கிறான்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார்.

தீபாவளிக்குத் தனியாக வந்தாய். மருமகளுக்கு லீவு இல்லை என்றாய், சரி. அவளுக்கு எடுத்த சேலை பீரோவிலேயே இருக்கிறது. பொங்கலுக்கும் லீவு கிடையாது என்றால் அது என்ன ஆபீஸ்? நான் ஒன்றும் கேட்கவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

மேலே 1998 என்று எழுதியதிலிருந்து மனசு சரியில்லை. அந்த வருஷம் பராமரிப்பு வேலைக்காகப் பிளான்ட்டை ஷட்டவுன் செய்தபோது நானே கேட்டுப் பெயர் கொடுத்து இரட்டை ஷிப்ட் பார்த்தேன். ஓவர்டைம் காசுக்கு என்று வீட்டில் சொன்னேன். காசுக்காக இல்லை. வீட்டுக்கு வந்தால் உன் அம்மாவிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். ஆச்சிக்கு உடம்பு சரியில்லை என்று உனக்குச் சொன்னோம். ஆச்சி நன்றாகத்தான் இருந்தாள். நான்கு மாதம். ஒரு தடவைகூட நான் போய்க் கூப்பிடவில்லை. கடைசியில் அவளாகத்தான் வந்தாள். அதைப் பற்றி இன்று வரை நாங்கள் பேசியதில்லை.

இதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் ஏதும் உளறிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. பார்சலில் நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறாள் அம்மா. ஒன்று மருமகளுக்காம். தபாலில் அனுப்பாதே, உடைந்துவிடும். நீயே கொண்டுபோய்க் கொடு.

அப்பா