லூக்கா மோட்ரிச்சை வளர்த்தெடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டுக் கோடையில் குரோஷியக் கால்பந்து வீரர் லூக்கா மோட்ரிச் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகத்திலிருந்து விடைபெற்றபோது, பதின்மூன்று ஆண்டு ஆட்டத்துக்காகவும் ஆறு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களுக்காகவும் உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அவருக்கு நன்றி கூறினார்கள். அவருடைய ஆட்டங்களை நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துப் பார்த்துவந்த தமிழ் ரசிகர்களில் ஒருவனான எனக்கு, அந்த நன்றியில் ஒரு பங்கு உங்களுக்குச் சேர வேண்டும் என்று தோன்றியது. கோல் அடிப்பவரின் திறமை எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். நடுக்கள ஆட்டக்காரரின் திறமையோ, அதிலும் மெலிந்த உடல்வாகு கொண்ட ஒருவரின் திறமை, யாராவது பொறுத்திருந்து பார்த்தால்தான் புலப்படும். அப்படிப் பொறுத்திருந்தவர்களுக்கே இம்மடல்.

முதல் நன்றி குரோஷியாவின் வெலெபிட் மலையடிவாரத்தில் வாழ்ந்த, அதே பெயர் கொண்ட தாத்தா லூக்கா மோட்ரிச்சுக்கு. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்ற நாட்களில் பேரனைத் தம்முடன் வைத்து வளர்த்த அவர், 1991 டிசம்பரில், குரோஷியப் போரின் தொடக்க மாதங்களிலேயே, செர்பியக் கிளர்ச்சிப் படையினரால் கொல்லப்பட்டார். வீடு எரிக்கப்பட்டது. ஆறு வயதுச் சிறுவனோடு குடும்பம் ஸாதர் நகரத்துக்கு ஓடிவந்து, அகதிகளுக்காக ஒதுக்கப்பட்ட ஓட்டல்களில் பல ஆண்டுகள் தங்கியது. தந்தை ஸ்டிப்பே இராணுவத்தில் சேர்ந்துவிட்ட அந்த நெருக்கடியிலும், வீட்டில் இருந்த சொற்பப் பணத்தோடு மாமா ஒருவரின் உதவியையும் சேர்த்து மகனைக் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்பிய அந்தக் குடும்பத்தாருக்கு என் வணக்கம்.

ஸாதர் கழகத்தின் யோசிப் பாய்லோ அவர்களே, அகதிகள் ஓட்டலில் பொழுதெல்லாம் பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, போர்க்காலத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்று நீங்கள் தட்டிக்கழித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நகரத்தின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களிலும் சிறுவர்களுக்கான பயிற்சியை நிறுத்தாமல் நடத்திய உங்களுக்கும் உங்கள் தோழர்களுக்கும் நன்றி.

இந்த மடலில் அதிக இடம் பெற வேண்டியவர் 2014இல் மறைந்த டொமிஸ்லாவ் பாஷிச் என்பது என் கருத்து. ஸாதரின் இளையோர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த அவரை மோட்ரிச் தம் விளையாட்டுத் தந்தையாகவே மதித்தார். கடற்கரைப் பகுதியின் பெரிய கழகமான ஹைடுக் ஸ்ப்ளிட், உயரமும் எடையும் போதாது என்று சிறுவனைத் திருப்பி அனுப்பியபோது, அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளாமல் தொடர்ந்து பயிற்றுவித்து, பதினாறாம் வயதில் அவரை டினாமோ ஸாக்ரெப் கழகத்தில் சேர்க்க வழிசெய்தவர் பாஷிச். உடல் பின்னால் வளரும், பந்தைத் தொடும் விதமும் தலை நிமிர்ந்து களத்தைப் பார்க்கும் பழக்கமும் பின்னால் வருவதில்லை என்பதை அறிந்த பயிற்சியாளர்கள் இன்றும் மிகக் குறைவு.

டினாமோ அவரை 2003இல் போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் கழகத்துக்கு இரவலாக அனுப்பியது. மேடுபள்ளமான களங்களும் முரட்டுத்தனமான தடுப்பாட்டமும் நிறைந்த அந்த லீக்கில் பதினெட்டு வயதுப் பையனை நம்பி இறக்கிய மோஸ்டார் கழகத்தாருக்கும், அடுத்த ஆண்டு இடமளித்த இன்டர் ஸாப்ரெஷிச் கழகத்தாருக்கும் நன்றி. போஸ்னிய லீக்கில் ஆடக்கூடியவன் எங்கும் ஆடுவான் என்ற பொருளில் மோட்ரிச்சே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். டினாமோவின் அன்றைய நிர்வாகத் தலைமைக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீரர் விற்பனைப் பணத்தைக் கையாடியதாக அந்தத் தலைமை மீது தொடரப்பட்ட வழக்கு 2018இல் தண்டனையில் முடிந்தது. அதில் சாட்சி சொல்ல நேர்ந்ததால் மோட்ரிச் தம் நாட்டு ரசிகர்களின் கோபத்தையும் சுமக்க வேண்டியிருந்தது.

2008இல் டாட்டனம் ஹாட்ஸ்பருக்கு வந்தபோது, இங்கிலாந்தின் வேகத்துக்கு இந்த உடம்பு தாங்காது என்ற பழைய பாட்டே மீண்டும் பாடப்பட்டது. அங்கே பயிற்சியாளராக இருந்த ஹாரி ரெட்நாப் அவர்களே, அவரை நடுக்களத்தின் மையத்தில் நிறுத்தி ஆட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கொடுத்ததற்கும், 2009இல் கால் எலும்பு முறிந்து அவர் திரும்பிய பிறகும் அந்த இடத்தை அவருக்கே அளித்ததற்கும் உங்களுக்கு நன்றி உரித்தாகுக.

மாட்ரிட்டில் முதல் சில மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதை இன்றைய ரசிகர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 2012 டிசம்பரில் ஒரு ஸ்பானிய விளையாட்டு நாளிதழ் நடத்திய வாக்கெடுப்பில் அந்தப் பருவத்தின் மிக மோசமான ஒப்பந்தமாக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற கார்லோ அன்செலோட்டி அவரை அணியின் அச்சாணியாக்கினார். 2014இல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கூடுதல் நிமிடங்களும் முடியவிருந்த வேளையில், மோட்ரிச் அடித்த கார்னரை செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்த அந்தக் கணத்துக்குப் பின் அவரைக் குறைசொன்னவர்களின் குரல் அடங்கியது. பின்னர் நடுக்களத்தில் அவருடன் ஆடிய காசெமிரோ, டோனி குரூஸ் இருவருக்கும் தனியே ஒரு சொல். தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னுள்ள வெளியை ஒருவர் காவல் காத்து, மற்றவர் இடப்பக்கத்திலிருந்து ஆட்டத்தின் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் கொடுத்ததால்தான், மோட்ரிச் வலப்பக்கம் முழுவதும் உலவி, வெளிப்பாதத்தால் அந்தப் பந்துகளை வளைத்து அனுப்ப முடிந்தது.

2018 உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியை அவர் தவறவிட்டார். அன்று ஆட்டத்தை முடிவுசெய்த பெனால்டி உதைகளில் கோல் காவலர் டேனியல் சுபாஷிச் மூன்றைத் தடுத்திராவிட்டால், இவான் ராகிடிச் கடைசி உதையைச் சேர்த்திராவிட்டால், குரோஷியா இறுதியாட்டத்துக்கு வந்திருக்காது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் பத்தாண்டுகள் மாறிமாறிப் பெற்றுவந்த, ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது அந்த ஆண்டு அவர் கைக்கு வந்திருக்குமா என்பதும் ஐயமே. சுபாஷிச்சும் ஸாதர் கழகத்தில் வளர்ந்தவர் என்பதால், அந்நகரத்துக்கு இன்னொரு முறை நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. குரோஷிய அணியைப் பயிற்றுவித்த ஸ்லாட்கோ டாலிச் அவர்களே, அணித்தலைவர் மோட்ரிச்சின் வயது முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் அவரை ஓரமாக உட்கார வைக்காமல் 2022 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் வரை அழைத்துச் சென்றதற்காக உங்களுக்கும் நன்றி.

கடைசியாக ஸ்வோனிமிர் போபான் அவர்களுக்கு. 1998 உலகக் கோப்பையில் குரோஷிய அணிக்குத் தலைமை தாங்கி மூன்றாம் இடம் பெற்ற நீங்கள் இத்தாலியின் ஏ.சி. மிலானுக்கு ஆடியதால்தான், சிறுவன் மோட்ரிச் அந்தக் கழகத்தின் ரசிகனானான். நாற்பதை நெருங்கும் வயதில் அவர் மாட்ரிட்டிலிருந்து நேரே மிலானுக்குச் சென்றதால், நாங்கள் இன்னும் சில இரவுகள் கண்விழித்திருக்க நேர்ந்தது, அதற்கும் நன்றி.

பணிவுடன்,
ஒரு தமிழ்க் கால்பந்து ரசிகன்