பயணத்துக்குச் சொந்த ரவுட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுதி வைஃபையில் நேரடியாக இணைவது பற்றி எனக்கு நெடுநாளாகக் கவலை உண்டு. போன், லேப்டாப், குழந்தைகளின் டேப்லெட் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லாகின் செய்ய வேண்டும், போதாததற்கு இத்தனை சாதனம்தான் என்று வரம்பு வேறு. அதனால் வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினியை ரவுட்டராக மாற்றினேன். மெமரி கார்டில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை எழுதி, யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகி, இரண்டு வைஃபையையும் அதில் அமைத்துக்கொள்ள வேண்டும். அடாப்டர் விடுதி வைஃபையைப் பிடிக்கும், ராஸ்பெரி பையிலேயே உள்ள வைஃபை அதை நம் சாதனங்களுக்குத் தரும். விடுதிக்கு அது ஒரே சாதனமாகத்தான் தெரியும், ஒருமுறை லாகின் செய்தால் எல்லோருக்கும் இணையம் வந்துவிடும்.

ஆனால் அடாப்டரை வாங்கும் முன் அதன் சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள், நான் முதலில் வாங்கியது வீண். அப்புறம், புதிதாக நிறுவியதும் நிர்வாகக் கணக்குக்குப் பாஸ்வேர்டே இருக்காது, அதை உடனே வையுங்கள். விடுதியின் லாகின் பக்கம் வரவில்லையென்றால், உள் நெட்வொர்க் முகவரிக்குப் போகும் தளப் பெயர்களைத் தடுக்கும் டிஎன்எஸ் ரீபைண்ட் பாதுகாப்பை ரவுட்டரில் சற்று நேரம் நிறுத்தி, லாகின் முடிந்ததும் திரும்பப் போடுங்கள். தகவலை மறையாக்கி அனுப்பும் வயர்கார்டு விபிஎன்னையும் ரவுட்டரிலேயே வைத்துவிட்டால் எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைக்கும். 5 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை