தம்பிக்கு, மேயருக்கு எழுதும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்தில், உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். வீடு வாங்கி முதல் இலையுதிர் காலம், வாசலில் குவித்து வைத்த இலையை டவுன்ஷிப் லாரி வந்து அள்ளவில்லை, மூன்று வாரமாக அப்படியே கிடக்கிறது, வரி வாங்க மட்டும் தெரிகிறதா, மேயருக்கு நறுக்கென்று நாலு வரி எழுதப் போகிறேன் என்றாய். எழுது, நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்பது வருடமாக மாதத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை இங்கே நியூ ஜெர்சியில் எங்கள் டவுன்ஷிப் கவுன்சில், அதாவது ஊர் நிர்வாக சபை, கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகிறவள் நான். எனக்கும் சொல்ல ரெண்டு வார்த்தை இருக்கிறது. போனில் நீ பேசவிட்டால்தானே!

நான் எதற்காகப் போக ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியாது. அப்போது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். நம் தெருவில் ஒரு பக்கம் கார் நிறுத்தக் கூடாது என்று ஒருநாள் பலகை முளைத்தது. அப்பா பழக்கதோஷத்தில் அங்கேயே நிறுத்திவிட்டு வந்தார். காலையில் பார்த்தால் வைப்பருக்கு அடியில் அபராத டிக்கெட். எனக்கு வந்ததே கோபம்! அடுத்த கூட்டத்துக்குப் போய், தாளில் பெயர் எழுதிக் கொடுத்து, மைக் முன்னால் நின்று, "யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள்?" என்று கேட்டேன். கை நடுங்கியது. என் இங்கிலீஷ் வேறு அன்றைக்கென்று என்னை விட்டு ஓடிவிட்டது. கிளார்க் அம்மா கோபப்படவே இல்லை. ஒரு ஃபைலைப் புரட்டிப் பார்த்து, "உங்களைத்தான் கேட்டோம், போன மாதம். யாரும் வரவில்லை" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நியூ ஜெர்சியில் ஆர்டினன்ஸ் என்கிற உள்ளூர்ச் சட்டத்தை ஒரே மூச்சில் நிறைவேற்றிவிட முடியாது. முதல் வாசிப்பு என்று சொல்லித் தலைப்பை மட்டும் படித்து அறிமுகப்படுத்துவார்கள். அப்புறம் அறிவிப்பு வெளியிட வேண்டும். குறைந்தது 10 நாள் கழித்துத்தான் இரண்டாம் வாசிப்பு. அன்றைக்கு ஓட்டுக்கு முன்னால், பேச விரும்புகிறவர்களுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். நான் பார்த்த இரண்டாம் வாசிப்புகள் பெரும்பாலும் எப்படி நடந்தன தெரியுமா? மேயர் தலையைத் தூக்கி, "இதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?" என்பார். எதிரே முப்பது காலி நாற்காலி, ஓரத்தில் நான், தூங்கி வழியும் ஒரு பெரியவர். "யாரும் இல்லை, முடிக்கலாம்." கிளார்க் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, எஸ், எஸ், எஸ், எஸ், எஸ். முழுசாக அரை நிமிஷம் ஆகாது. நம் தெருவுக்குப் பலகை வந்தது அப்படியொரு அரை நிமிஷத்தில்தான். நான் சண்டைக்குப் போனபோது அது சட்டமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

நீ மேயர் மேயர் என்கிறாயே, உங்கள் ஊரில் இருப்பது டவுன்ஷிப் கமிட்டி முறை. ஜனங்கள் கமிட்டி உறுப்பினர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் கூடி, தங்களுக்குள் ஒருவரை ஒரு வருடத்துக்கு மேயராக உட்கார வைக்கிறார்கள். கூட்டத்தை நடத்துவார், நாடா வெட்டுவார். ஓட்டு என்று வந்தால் மற்றவர்களைப் போல அவருக்கும் ஒன்றுதான். எங்கள் ஊர் வேறு மாதிரி, 1950-இல் வந்த ஃபாக்னர் சட்டத்தின்படி மேனேஜர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து நிர்வாகம் செய்கிறது. ஊருக்கு ஊர் இது மாறும். அதனால் யாரைத் திட்டுவது என்பதையே முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டவுன்ஷிப் என்ற பெயரைக் கேட்டு ஊரின் அளவை எடை போடவும் முடியாது. இங்கே 1798-இல் ஒரே சட்டத்தில் 104 டவுன்ஷிப்புகளைப் பதிவு செய்தார்கள். இன்று நகரம், பரோ என்கிற இன்னொரு வகை ஊர், கிராமம் எல்லாம் சேர்த்து மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள். 2020 கணக்கெடுப்பில் லேக்வுட் டவுன்ஷிப்பில் 1,35,000 பேருக்கு மேல். வால்பேக் டவுன்ஷிப்பில் 7 பேர்! அங்கே அணை கட்டப்போகிறோம் என்று மத்திய அரசு நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஜனங்களை அனுப்பிவிட்டு, கடைசியில் அணையே கட்டவில்லை. அந்த ஏழு பேருக்கும் டவுன்ஷிப் என்ற பெயர்தான், லேக்வுட்டுக்கும் அதே பெயர்தான்.

சரி, வரிக்கு வருகிறேன். நீ கட்டுகிற சொத்து வரியை வசூல் செய்வது டவுன்ஷிப். அதில் பெரும்பங்கு அவர்கள் கையில் நிற்பதில்லை. மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி, தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவதில்தான் போலீஸ், ரோடு, பார்க், நீ திட்டுகிற இலை லாரி எல்லாம். 2010-இல் வந்த சட்டப்படி, சில விலக்குகள் போக, வரி வசூலை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டவும் முடியாது. லாரி ஓட்டுகிறவர் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போடலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் பேசுவார்கள், நானே கேட்டிருக்கிறேன். அப்புறம், நவம்பர் 1 தவணையைக் கட்டினாயா? பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர், நாலு தவணை. கோபத்தில் கட்டாமல் விட்டால் முதல் 1,500 டாலருக்கு 8 சதவீதம் வரை வட்டி, அதற்கு மேற்பட்டதற்கு 18 வரை போகும். இலை அள்ளவில்லை என்ற காரணமெல்லாம் அங்கே எடுபடாது.

இப்போது இலை. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குவியலின் வலது ஓரத்தில் மழைநீர் வடிகாலின் இரும்புக் கிராதி தெரிகிறது. பாதி மூடிக் கிடக்கிறது. கிராதியிலிருந்து 10 அடிக்குள் இலை குவிக்கக் கூடாது, அறிவித்த தேதிக்கு முந்தின 7 நாளுக்குள்தான் தெருவோரம் போட வேண்டும் என்று இங்கே பெரும்பாலான ஊர்களில் ஆர்டினன்ஸ் இருக்கிறது. மழைநீரோடு ஆற்றுக்கு என்ன போகிறது என்பதை மாநிலச் சுற்றுச்சூழல் துறை கவனிக்கிறது, அதனால் வந்த விதி. உங்கள் பகுதிக்கு லாரி வரும் வாரம் எது என்று பார்த்தாயா? இரண்டு வாரம் முன்கூட்டியே குவித்துவிட்டு வரவில்லை வரவில்லை என்றால், அபராதச் சீட்டு உன் கைக்குத்தான் வரும். முதல் வேலையாக அதை நகர்த்து. முதுகைப் பார்த்துக்கொள், குனிந்து அள்ளாதே.

இன்னொன்று. கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது உன் தெரு முனையில் நீல நிற ஐங்கோணப் பலகை ஒன்று பார்த்தேன், மஞ்சள் எழுத்தில் எண் போட்டிருந்தது. அது கவுண்டி ரோடு. அங்கே பள்ளம் விழுந்தாலும் பனி தள்ளாவிட்டாலும் டவுன்ஷிப்பைக் கூப்பிட்டுப் பயனில்லை. உன் வீட்டு வாசல் ஒருவர் பொறுப்பு, முப்பது அடி தள்ளி வேறொருவர் பொறுப்பு. ஜனவரியில் இது உனக்கு நன்றாகப் புரியும்.

வேலை எப்படி நடக்கும் என்றால், எங்கள் தெரு முனையில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். பலகைக் கதையில் பட்ட பாட்டில், இந்தத் தடவை நான் மைக்குக்குப் போகவில்லை. பகல் பதினோரு மணிக்கு டவுன்ஷிப் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய், ஒரு படிவம் வாங்கி, குறுக்குத் தெருவின் பெயர், கிராதி எந்த மூலையில் இருக்கிறது, மழை நின்ற பிறகு எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பொதுப்பணிப் பிரிவு வண்டி வந்தது. ஒருவர் இறங்கி, நீளமான கொக்கியைக் கிராதியில் மாட்டி ஒரே இழுப்பில் தூக்கினார். உள்ளே மக்கிப்போன இலை மெத்தை மாதிரி, நடுவில் இரண்டு டென்னிஸ் பந்து. அள்ளிப் போட்டுவிட்டு, கிராதியைத் திருப்பிக் காட்டினார், ஒரு கம்பி விரிசல் விட்டிருந்தது. "இதில் சைக்கிள் சக்கரம் மாட்டும், மாற்றிவிடுகிறோம்" என்றார். மாற்றினார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் பில் பட்டியல் வந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் கொடுக்க வேண்டிய பணத்துக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்து ஓட்டெடுப்பார்கள். பெட்ரோல், உப்பு, வக்கீல் ஃபீஸ், பிரிண்டர் மை என்று பக்கம் பக்கமாகப் போகும். அதில் ஒரு வரி: வார்ப்பிரும்புக் கிராதி, எண்ணிக்கை 1. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் கண் விழித்துப் பார்த்தார்.

அந்தப் பட்டியல் மாதிரிதான் கன்சென்ட் அஜெண்டா என்கிற கட்டும். தகராறில்லாத தீர்மானங்கள் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து ஒரே ஓட்டில் தள்ளிவிடுவார்கள். தீயணைப்புத் தொண்டர்கள் குலுக்கல் நடத்த அனுமதி, கூடுதலாகக் கட்டிய வரியைத் திருப்பித் தருவது, ஜூன் வந்தால் மதுக்கடை லைசென்ஸ் புதுப்பித்தல், பக்கத்து ஊரோடு சேர்ந்து நாய் பிடிக்க ஒப்பந்தம். எந்த உறுப்பினராவது "இதைத் தனியாக எடுங்கள்" என்றால் அந்த ஒன்று மட்டும் வெளியே வரும், விவாதம் நடக்கும். எங்கள் ஊரில் குப்பை ஒப்பந்தத்தை அப்படி ஒரு உறுப்பினர் வெளியே இழுத்தார். காரணம், இரண்டு நாள் முன்பு ஒரு பாட்டி போன் செய்து அவரைக் கேள்வி கேட்டிருந்தாள். பாட்டி யார் என்று அப்பாவைக் கேள், சொல்வார்.

மைக்கில் கத்துகிற மூன்று நிமிஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம், எத்தனை நிமிஷம் என்பது அவர்கள் முடிவு. ஆனால் பேசினால் பதில் வரும் என்று எதிர்பார்க்காதே. கேட்டுக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள், அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். கூட்டம் தொடங்கும்போது 1975-இல் வந்த திறந்த கூட்டச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, முறைப்படி அறிவிப்பு கொடுத்தோம் என்று மந்திரம் போல ஒன்றை ஒப்பிப்பார்கள். அதே சட்டத்தில்தான் வழக்கு, ஊழியர் விஷயம் என்று சிலவற்றுக்காகக் கதவைச் சாத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. எங்கள் ஊரில் கொஞ்சம் தாராளமாகவே சாத்துகிறார்கள் என்பது என் எண்ணம். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஸ்வெட்டர் கை முழுக்கப் பின்னியிருக்கிறேன். ஏதாவது ஆவணம் பார்க்க வேண்டுமென்றால் கிளார்க்கிடம் எழுதிக் கொடு. பொதுவாக 7 வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எழுதும்போது தேதி, தெரு, என்ன தாள் என்று குறிப்பாகக் கேள். "எல்லாவற்றையும் கொடுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமல் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உங்கள் கமிட்டியின் அடுத்த கூட்ட அஜெண்டாவை எடுத்துப் படித்தேன். இலை லாரி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் வாசிப்பில் ஒரு ஆர்டினன்ஸ் இருக்கிறது. பார்க்கிங் தடை, நாலு தெரு, மூன்றாவதாக உன் தெரு. எந்தப் பக்கம் என்று இரட்டைப்படை, ஒற்றைப்படை போட்டிருக்கிறார்கள். உன் வீட்டு எண் எந்தப் பக்கம் வரும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நீயே பார்த்துக்கொள். வருகிற செவ்வாய், ராத்திரி ஏழரை மணி. கூட இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போ. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், அந்த ஹால்களில் ஹீட்டர் ஒருநாளும் சரியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அன்புடன்,
அம்மா