வசந்திக்கு, அந்த மாலை வகுப்பைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றாயே, சொட்டு மருந்தை நிறுத்தியாச்சா? இங்கே எல்லோரும் நலம். போன வாரம் போனில் "கொரோனாவில் விட்டுப்போன படிப்பு விட்டுப்போனதுதான், அந்தப் பிள்ளைகளை இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நீ சொன்னாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. அது மனதிலேயே கிடக்கிறது.

2021 நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் 52லிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னேன். பாதிப் பேர் 45 என்று எழுதினார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் ஒன்று போனால் நாலு. முதல் வகுப்பைக்கூட முழுதாக முடிக்காமல் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போன பிள்ளைகள், கடன் வாங்கிக் கழிப்பதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அன்றைக்கு நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன்.

அப்புறம் என் மகன் ஒரு ஆய்வுக் கட்டுரையை பிரிண்ட் எடுத்துத் தந்தான். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதியது. 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் 0.7 திட்டவிலக்கம் பின்தங்கல், மொழியில் 0.34 (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை வைத்து அளக்கும் அளவு அது). நாம் கண்ணால் பார்த்த அதே சரிவு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது, வசந்தி! அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அம்மா அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்திருந்தார்கள், எழும்போதும் அவர்களே வேகமாக எழுந்திருக்கிறார்கள். மீண்டதில் ஏறக்குறைய 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால், அதாவது தன்னார்வலர்களை வைத்து அரசு நடத்திய மாலை வகுப்புத் திட்டத்தால் வந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

அந்தத் திட்டம் வந்தபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. பயிற்சி முடித்து இருபது வருஷம் பாடம் நடத்திய நாமே திணறும்போது, மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்துக்குத் அந்தந்தத் தெருவில் இருக்கும் பெண்கள் சாயந்தரம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். தப்பாக நினைத்தேன். எங்கள் பள்ளிக்குப் பின்தெருவில் சுகன்யா என்று ஒரு பெண், பி.காம் முடித்தவள், இரண்டு குழந்தைகள். அவள் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பிள்ளைகள் உட்காருவார்கள். ஒரு நாள் சும்மா போய் நின்றேன். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "அக்கா, இது எனக்குத் தெரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று சத்தமாகக் கேட்கிறான். என்னிடம் ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் "தெரியல" என்று சொன்னதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் சொன்ன எண்கள் கணக்கையும் மொழியையும் பற்றியவை. அந்தப் பையனின் பயம் எவ்வளவு குறைந்தது என்று அவற்றில் இல்லை. ஆனால் பயம் குறைந்ததால்தான் கணக்கு வந்தது என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்த பிறகுதானே நாம் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரிகிறது. அவன் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவள், அவன் அம்மா காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாள் என்று அறிந்தவள், அவளிடம் கேட்க அவனுக்கு என்ன கூச்சம்? அதிலிருந்து நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போது தினமும் கடைசிப் பத்து நிமிஷம் பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராகத் தரையில் உட்கார்ந்து, இன்றைக்குப் புரியாததை மட்டும் சொல்ல வேண்டும். நானும் தரையில்தான். முட்டி வலிக்கிறது, பரவாயில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தில் இரண்டு லட்சம் பேர் வரை தன்னார்வலர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகளை அளந்ததைப் போல இவர்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்றும் யாராவது விரிவாக எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு தன் பேரில் வந்த முதல் பணம் அந்த ஆயிரம்தான் என்று சுகன்யா சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கட்டுரையை இத்தோடு அனுப்புகிறேன், நான் பென்சிலில் கோடு போட்ட இடங்களை மட்டுமாவது படி. அப்புறம், சுகன்யா இப்போது பி.எட். சேர வேண்டும் என்கிறாள். உங்கள் ஊர்க் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா என்று விசாரித்துச் சொல். சின்னவனை மாமியார் பார்த்துக்கொள்வார்களாம்.

அன்புடன்,
மலர்