கனடாவின் தண்டர் பேயிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வெளிநாட்டு அட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் இங்கே பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கனடா காகித ரீல் மாட்டினால் மெஷின் ஓட்டத்தில் அறுந்துபோகாது என்று அச்சகத்தில் மெச்சிக்கொள்வோமே, அந்தக் காகிதத்தின் பிறந்த வீடு இந்த மாதிரிக் காடுதான். ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் காட்டுப் பாதையில் அழைத்துப் போனான். ஒரு வளைவு தாண்டியதும் காடே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் அடிக்கட்டைகள். கறுப்பு ஸ்புரூஸாம், ஊசியிலை மரம். ஒரு கட்டை என் தொடைத் தடிமன்கூட இல்லை. இளங்கன்றை வெட்டிவிட்டார்களே என்றுதான் குனிந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குண்டூசி முனையால் வருடத்துக்கு ஒன்றான வளையங்களை எண்ணினேன். எழுபத்தெட்டாவது வளையத்தில் கண் பூத்துவிட்டது, பட்டை இன்னும் வரவில்லை. நம் இருவருக்கும் மூத்தது! வருடத்தில் பாதி பனி மூடிய நாட்டில் மரம் வளர எங்கே நேரம்?

இப்போது நியூஸ்பிரிண்ட், அதுதான் செய்தித்தாள் காகிதம், முன்போல் கேட்பாரில்லை. மரக்கூழ் கழிப்பறைக் காகிதத்துக்கும் போகிறது. எனக்கு மனசு ஆறவில்லை.

மறுபடி நடுகிறார்கள் என்றான் மகன். உண்மைதான். ஆனால் குளிர்காலத்தில் காரிபூ மானின் உணவு தரையில் பாசிபோலப் படரும் லைக்கன். வெட்டிய இடத்தில் அது திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் புதுத் தளிரைத் தேடி மூஸ் என்ற பெரிய மான் வருகிறது, மூஸின் பின்னால் ஓநாய் வருகிறது, ஓநாய் ஓடுவதற்கு லாரிப் பாதையும் தயார். இங்கே 25 சென்ட் நாணயத்தில் காரிபூவின் தலை இருக்கிறது. இனிச் சில்லறையில்தான் அதைப் பார்க்கவேண்டும் போலும்.

மேற்கே டிரைடனில் ஒரு காகித ஆலை. கூழை வெளுக்க வேதிப்பொருள் தயாரித்த இடத்திலிருந்து 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் ஆற்றில் கலந்தது. ஆற்று மீனைத் தின்ற கிராசி நேரோஸ் பழங்குடியினருக்குக் கை நடுக்கம், பார்வைக் கோளாறு. அதே மக்கள்தான் 2002 டிசம்பரில் மரம் வெட்டும் லாரிகளை மறித்து நின்றார்கள். 2008இல் அங்கே மரம் வெட்டும் உரிமம் வைத்திருந்த வேறொரு காகித நிறுவனம் அவர்கள் காட்டைவிட்டு விலகியது. தாள் பால்போல வெளுப்பாக இல்லையென்று எத்தனை ரீமைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், நினைவிருக்கிறதா?

அட்டை விஷயம்: மறுசுழற்சித் தாளில் ஒற்றைப் பக்கமாக அடி. சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவேன்.

பின்பக்கத்தில் இருப்பது பேரனின் வகுத்தல் கணக்கு. கண்டுகொள்ளாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி