தாவோவின் பக்கத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கிரான் டொரினோ’ (2008) படத்தைப் பற்றிய உங்கள் சினிமா பக்கக் கட்டுரை, கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த கிழவர் வால்ட்டைப் புகழ்வதோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஹ்மாங் பையன் தாவோவுக்கு ஒரே வரிதான். லாவோஸில் அமெரிக்க உளவுத்துறைக்காகப் போரிட்டு, 1975-க்குப் பிறகு அகதிகளாகச் சிதறியவர்கள் ஹ்மாங் மக்கள். அது தெரியாமல் தாவோவின் தயக்கம் புரியாது.

உறவுக்காரனின் ரௌடிக் கும்பல் நெருக்க, வால்ட்டின் காரைத் திருடப்போய் மாட்டிக்கொள்கிறான். அப்புறம் அந்தக் கிழவரே அவனுக்குத் தொழில் சொல்லித் தருகிறார். தன் பட்டறையிலிருந்து டபிள்யூடி-40 (துரு இளக்கும் ஸ்பிரே), வைஸ் கிரிப் (இறுகப் பூட்டிப் பிடிக்கும் இடுக்கி), டக்ட் டேப் (பலமான ஒட்டுநாடா) மூன்றையும் எடுத்துக் கொடுத்து, வீட்டு ரிப்பேரில் பாதியை இவற்றாலேயே முடிக்கலாம் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. எந்த அறிவுரையும் அந்தப் பையனை இவ்வளவு நிமிர்த்தியிருக்காது.

சரி, அவர் வாய்? முடிதிருத்தும் கடையில் ‘ஆம்பளை மாதிரி பேச’ என்று வசவைத்தானே பழக்குகிறார்! படம் முழுக்க வரும் இனவசைகளுக்கு அரங்கில் எழுந்த சிரிப்பு தன்னை உலுக்கியதாக, தாவோவாக நடித்த பீ வாங் 2021-ல் எழுதினார். அடுத்த முறை அவர் சொன்னதையும் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர்